லிஃப்ட்காரர் உட்கார்ந்த நாள்

"அக்கா" என்று இன்று எல்லா மேடைகளிலும் அழைக்கப்படும் அந்தப் பெண்மணியைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக அவர் முதல்முறை கைதான நாளிலிருந்து தொடங்குவார்கள். அதற்கு முன்னால் அவருக்கு ஒரு வீடு இருந்தது, வீட்டில் ஓர் அப்பா இருந்தார் என்பதையெல்லாம் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: "இவருடைய தந்தையும் போராட்டத்தில் பங்கேற்று வேலையை இழந்தவர்." இதில் வேலையை இழந்தார் என்பது உண்மை. பங்கேற்றாரா என்று அவரிடமே கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பார். சிலர் கேட்டார்கள், அவரும் அப்படித்தான் சொன்னார். அடக்கத்தில் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அவர் நகராட்சிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவர்.

ஊரை ஓர் ஆறு இரண்டாகப் பிரித்திருந்தது. இக்கரையில் அலுவலகங்களும் கடைத்தெருவும் மாடி வீடுகளும். அக்கரையில் செங்கல் சூளைகள், தோல் கிடங்குகள், அவற்றில் வேலை செய்கிறவர்களின் வீடுகள். காலையில் ஒரு கூட்டம் பாலத்தைக் கடந்து இந்தப் பக்கம் வரும். பொழுது சாய்ந்ததும் அதே கூட்டம் திரும்பிப் போகும். அக்கரைக்காரர்கள் இக்கரையில் வேலை செய்யலாம், சாமான் வாங்கலாம், வரி கட்டலாம். குடியிருக்கக் கூடாது. பொதுக் கட்டடங்களில் பின்வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும், பின்படிக்கட்டில்தான் ஏற வேண்டும். ஏன் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நெடுநாளாக இருந்துவரும் ஒன்றுக்குக் காரணம் இருந்தே தீரும் என்று மனிதர்கள் நம்பிவிடுகிறார்கள். தேடிப் பார்க்கிற வேலை மிச்சம்.

லிஃப்ட்காரரின் அப்பா அக்கரையில் சுமை தூக்கியவர். மகனும் அதே வேலைக்குத்தான் போனார். நகராட்சிக் கட்டடத்துக்கு லிஃப்ட் வந்திறங்கியபோது அதன் இரும்புப் பாகங்களை வண்டியிலிருந்து இறக்கியவர்களில் அவரும் ஒருவர். பொருத்தி முடித்ததும் எடை வைத்துச் சோதிக்க வேண்டியிருந்தது. மணல் மூட்டைகள் வந்து சேரவில்லை. பொருத்த வந்த மெக்கானிக் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஏய், நீங்கல்லாம் உள்ள ஏறுங்க" என்றான். ஆக அந்த லிஃப்டில் முதன்முதலில் மேலே போனவர்கள் அக்கரைக்காரர்கள்தான். மனிதர்களாக அல்ல, மூட்டைகளாக. அதனால் விதி எதுவும் மீறப்படவில்லை.

மற்றவர்கள் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார்கள். இவர் மட்டும் மெக்கானிக்கின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பித்தளைக் கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் மேலே, வலப்பக்கம் தள்ளினால் கீழே, நடுவில் விட்டால் நிற்கும். தளத்துக்குச் சரிமட்டமாக நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே கையை எடுக்க வேண்டும். எவ்வளவு முன்னால் என்பது உள்ளே இருக்கும் கனத்தைப் பொறுத்தது. சோதனை முடிந்து வெளியே வந்ததும், "நான் ஒரு தடவ ஓட்டிப் பாக்கட்டுமா?" என்று கேட்டார். மெக்கானிக் சிரித்துக்கொண்டே விட்டான். முதல் முறை ஒரு சாண் மேலே போய் நின்றது. அடுத்த முறை அவ்வளவு மோசமில்லை.

நாள் முழுக்க ஒரு பெட்டிக்குள் நின்றுகொண்டு மற்றவர்களுக்குக் கதவு திறந்துவிடும் வேலைக்கு இக்கரையில் யாரும் முன்வரவில்லை. வேலை இவருக்கு வந்தது. காக்கி உடுப்பும், கட்டடத்தின் பின்னால் ஜெனரேட்டர் அறையை ஒட்டி இரண்டு அறை கொண்ட ஒரு வீடும் கொடுத்தார்கள். இக்கரையில் சட்டப்படி குடியிருந்த அக்கரைக் குடும்பம் அது ஒன்றுதான். அக்கரையில் அவரைப் பற்றி இரண்டு விதமாகப் பேசினார்கள். "பெரிய ஆளாயிட்டான்" என்று சிலர், "பெட்டிக்குள்ள அடைச்சுட்டாங்க" என்று சிலர். இரண்டும் பொறாமைதான் என்பது அவர் மனைவியின் கட்சி.

வேலையில் சேர்ந்த அன்று கட்டட மேலாளர் அவருக்கு மூன்று விஷயங்கள் சொன்னார். வாசலில் யாருடைய கால் இருந்தாலும் கதவை இழுக்கக் கூடாது. அந்த இரும்புக் கம்பிக் கதவு துருத்தி மாதிரி விரிந்து மூடும். வேறோர் ஊரில் ஒரு குமாஸ்தாவின் கால்விரல் அப்படி ஒரு கதவில் போயிருந்தது. இரண்டாவது, ஏறுகிறவர்களிடம் தானாக வாய் திறக்கக் கூடாது. கேட்டால் பதில் சொல்லலாம். மூன்றாவது, உள்ளே ஆள் இருக்கும்போது முக்காலியில் உட்காரக் கூடாது.

"அக்கரை ஆளுங்க ஏறக்கூடாதுன்னு உனக்குச் சொல்ல வேண்டியதில்ல" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"அப்போ நான், சார்?"

"நீ எங்க ஏறுற? ஓட்டுற" என்றார் மேலாளர். அவருக்கு அதில் சிக்கல் எதுவும் தெரியவில்லை.

தளங்களிலிருந்து ஆட்கள் "லிஃப்ட்!" என்று கூப்பிட்டார்கள். பெட்டியைக் கூப்பிடுகிறார்களா ஆளைக் கூப்பிடுகிறார்களா என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. வீட்டில் மனைவியும் கோபம் வந்தால் அப்படியே கூப்பிட்டாள். அவள் பள்ளிச் சீருடைகள் தைக்கும் பட்டறையில் ஓரம் மடித்துத் தைப்பவள். நாள் முழுவதும் தையல் மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியதால் வீட்டிலும் மெதுவாகப் பேசத் தெரியாது. பக்கத்து அறையில் ஜெனரேட்டர் இருந்ததால் அது குறையாகத் தெரியவில்லை. மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உறுமும்; அலமாரியில் டம்ளர்கள் மெல்ல நகர்ந்து விளிம்புக்கு வரும். அவர்களுடைய ஒரே மகள் அந்தச் சத்தத்தில்தான் தூங்கிப் பழகினாள். சத்தம் நின்றால் விழித்துக்கொண்டு அழுவாள்.

அக்கரைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஒரு சலுகை இருந்தது. அதற்கு ஆண்டுதோறும் நகராட்சிக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் முத்திரை வாங்க வேண்டும். பிள்ளையும் நேரில் வர வேண்டும். தாயும் மகளும் பின்படிக்கட்டில் ஏறுவார்கள். அந்தப் படிக்கட்டுக்கும் லிஃப்ட் போகும் கூண்டுக்கும் நடுவே ஒரே சுவர். மூன்றாம் மாடித் திருப்பத்தில் காற்றுக்காக ஒரு சின்னக் கம்பிவலை. அதன் வழியே பார்த்தால் எண்ணெய் பூசிய கயிறுகள் ஓடுவதும், சமயத்தில் பெட்டியே கடந்து போவதும் தெரியும். அம்மா அங்கே நின்று மூச்சு வாங்குவாள். மகள் வலையில் முகத்தை அழுத்திக்கொண்டு, "அப்பா!" என்று கத்துவாள்.

அவருக்குக் கேட்கும். உள்ளே ஆட்கள் இருக்கும்போது பதில் சொல்ல முடியாது. அந்த இடத்தில் மட்டும் பெட்டி கொஞ்சம் மெதுவாகப் போகும்.

"என் புருஷன் ஓட்டுற வண்டி. எனக்குத்தான் இடமில்ல" என்று அம்மா படியில் எதிர்ப்படுகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்துவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் கால் வைப்பாள்.

அப்படி ஒரு நாள் வீட்டுக்கு வந்ததும் மகள் அப்பாவிடம் கேட்டாள். "நான் ரொம்ப கனமாப்பா? லிஃப்ட் தாங்காதா?"

அவர் மகளைத் தூக்கிப் பார்த்தார். "கனமெல்லாம் இல்ல" என்றார்.

அக்காவின் வாழ்க்கையை எழுதியவர்கள் அவர் இளம்வயதில் படித்தவற்றைத் தேடித் தேடிப் பட்டியலிட்டிருக்கிறார்கள். படித்திருக்கலாம். ஆனால் இந்தப் பதில் எந்த நூலிலும் வரவில்லை. கனம் காரணமில்லை என்றால் வேறு என்ன என்று யோசிக்க ஆரம்பித்த ஒரு பெண்ணுக்கு வீட்டில் யாரும் விடை வைத்திருக்கவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது.

அவள் எதற்கும் எதிர்வாதம் வைத்திருப்பாள் என்பதால் அம்மா அவளை "வக்கீல்" என்று அழைத்தாள். கடைசியில் அவள் ஒரு வக்கீலின் அலுவலகத்திலேயே தட்டச்சு வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். சட்டத்தை அடித்து அடித்துச் சட்டம் பழகிவிட்டது. பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் அக்கரைக்காரர்கள் உட்காரக் கூடாது என்பதற்குச் சட்டமே இல்லை, வழக்கம் மட்டும்தான் என்று கண்டுபிடித்தது அவள்தான். அக்கரை சைக்கிள் கடையில் மாலை நேரங்களில் சிலர் கூடினார்கள். பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். முதல் வாரம் அடி விழுந்தது. பிறகு உட்கார்ந்தே பழகிவிட்டது. பெஞ்சுக்குப் பிறகு கடைத்தெருக் குழாயில் தண்ணீர் பிடித்தார்கள்.

வீட்டில் இதைப் பற்றி அதிகம் பேச்சில்லை. "அடி வாங்கிட்டு வந்து என்கிட்ட மருந்து கேக்காத" என்று அம்மா சொல்வாள். சொல்லிக்கொண்டே மருந்து போடுவாள். அப்பா அவளுடைய செருப்பை எடுத்துப் பார்த்து, வார் அறுந்திருந்தால் தைத்து வைப்பார். அவ்வளவுதான் அவர் அந்தப் போராட்டத்துக்குச் செய்தது.

அதன் பிறகு லிஃப்ட்.

சைக்கிள் கடையில் அந்தப் பேச்சை எடுத்தது மகள்தான். எல்லோரும் கும்பலாக உள்ளே புகுந்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். "வேணாம். புகுந்தா அத்துமீறல்னு எழுதுவாங்க. வாசல்ல ஒரு கால் மட்டும் வச்சா போதும். கால் இருந்தா அவர் கதவை இழுக்க மாட்டார். கதவு முழுசா மூடாம லிஃப்ட் நகராது. எங்கள நகருன்னு தானா சொல்லவும் மாட்டார். மொத்தக் கட்டடமும் நிக்கும்."

சைக்கிள் கடைக்காரர் கையிலிருந்த டியூபைக் கீழே வைத்தார். "அவர் உங்க அப்பா."

"அதனாலதான் சொல்றேன். எனக்குத் தெரியும்."

"வேலை போயிடும்மா."

"எந்த விதிய மீறினார்னு வேலைய எடுப்பாங்க? அவர் ஒண்ணையும் மீற மாட்டார். ஒண்ணையும் மீறாதவர என்ன பண்ண முடியும்?"

அவள் இதை முழுமனதாக நம்பினாள். விதிகள் இருப்பது யாரையோ கட்டுப்படுத்துவதற்கு, கட்டுப்பட்டவனை அவை காப்பாற்றும் என்பது சட்டத்தைத் தட்டச்சு செய்தே பழகியவர்களுக்கு வருகிற மயக்கம். வயதும் ஒரு காரணம். அப்பாவிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒரு காலை நேரம். லிஃப்ட் கீழ்த்தளத்தில் நின்றிருந்தது. உள்ளே வரி அதிகாரி ஒருவர் மட்டும் ஏறியிருந்தார். லிஃப்ட்காரர் கதவில் கை வைத்தபோது வாசல் விளிம்பில் ஒரு செருப்புக் கால் வந்து நின்றது. முந்தின நாள் அவரே வார் தைத்த செருப்பு. அவர் நிமிர்ந்து பார்த்தார். மகள். அவளுக்குப் பின்னால் கைத்தடியோடு ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, இன்னும் சிலர். முன்வாசல் வழியாக வந்திருந்தார்கள்.

அவர் கதவிலிருந்து கையை எடுத்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தினமும் நிற்கிற மாதிரியே நின்றார்.

"என்னப்பா, கிளம்பு" என்றார் வரி அதிகாரி.

"கால் இருக்குங்க சார்."

"யாரு, என்ன வேணும்னு கேளு."

"நானா எதுவும் கேக்கக் கூடாதுங்க சார்."

வரி அதிகாரி அவரைப் பார்த்தார், காலைப் பார்த்தார், கதவுக்கு வெளியே இருந்த கூட்டத்தைப் பார்த்தார். வெளியே போக வேண்டுமென்றால் அந்தக் காலைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் உள்ளேயே நின்றுவிட்டார். மேல் தளங்களிலிருந்து அழைப்பு மணி அடிக்க ஆரம்பித்தது. "லிஃப்ட்!" என்று ஐந்தாம் மாடியிலிருந்து ஒரு குரல் கூண்டு வழியாக இறங்கி வந்தது. "செத்துட்டானா என்ன?" என்றது இன்னொரு குரல்.

மேலாளர் படியில் இறங்கி வந்தார். வரும்போதே மூச்சு வாங்கியது.

"இது உன் பொண்ணுதானே?"

"ஆமா சார்."

"போகச் சொல்லு."

கேட்டால் பதில் பேசலாம், சொன்னால் சொல்லலாம். லிஃப்ட்காரர் மகள் பக்கம் திரும்பினார். "சார் போகச் சொல்றார்."

"கேட்டுச்சுப்பா" என்றாள் அவள்.

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். ஆசிரியராக இருக்கலாம். மேலாளருக்கு முகம் சிவந்தது.

"நீ சொல்லுய்யா! அப்பன்தானே நீ?"

"சொல்லிட்டேன் சார்."

"அப்போ தள்ளு. அவள வெளிய தள்ளிட்டுக் கதவ மூடு."

அந்த இடம் வரைக்கும் எல்லாம் மகள் போட்ட கணக்குப்படிதான் நடந்தது. இதை மட்டும் அவள் யோசித்திருக்கவில்லை. இப்படி ஓர் உத்தரவுக்கு எந்த விதியும் குறுக்கே நிற்காது. தள்ளலாம். தள்ளினால் கால் விலகும், கதவு மூடும், லிஃப்ட் கிளம்பும். வேலையும் இரண்டு அறை வீடும் மிஞ்சும். லிஃப்ட்காரருக்கும் இது புரிந்தது. இவள் தன் ஒழுங்கை நம்பித்தான் இங்கே வந்து நிற்கிறாள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. தன்னைக் கேட்காமல் தன்னை ஒரு சாமானாகப் பயன்படுத்தியிருக்கிறாள். அது அவருக்கு உறுத்தியது. அந்த நேரத்தில் மேலாளரைவிட மகள்மேல்தான் கோபம் அதிகமாக இருந்தது என்று பிற்பாடு மனைவியிடம் சொன்னார்.

கோபத்தோடு அவளைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். விளிம்பில் இருந்த காலை எடுக்கவில்லை.

"காது கேக்கலையா? தள்ளுன்னேன்!"

லிஃப்ட்காரர் மூலையிலிருந்த முக்காலியை இழுத்துப் போட்டார். வரி அதிகாரி உள்ளே நின்றுகொண்டிருக்க, மேலாளர் எதிரே நின்றுகொண்டிருக்க, அதில் உட்கார்ந்தார். உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

மகளை உள்ளே வா என்று கூப்பிடவில்லை. இதை வீரம் என்று சொல்பவர்கள் உண்டு. அவர் அவளை மேலே ஏற்றிக்கொண்டு போயிருந்தால் அந்தச் சொல் பொருந்தியிருக்கும். அவர் செய்தது அதைவிடக் குறைவு. ஆனால் தள்ளாமல் இருப்பதற்கு அவருக்குக் கிடைத்த ஒரே வழி அதுதான்; அதற்காக அதுவரைக்கும் மீறியிராத ஒரு விதியை அவர் மீற வேண்டியிருந்தது.

போலீஸ் வந்தது. வாசலில் நின்றவர்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கர்ப்பிணியை மட்டும் வீட்டுக்கு அனுப்பினார்கள். கால் விலகியதும் வரி அதிகாரி வெளியே வந்து படியேறிப் போனார். லிஃப்ட்காரர் எழுந்து கதவை மூடி, லிஃப்டை ஐந்தாம் மாடிக்கு ஓட்டினார். அங்கே காத்திருந்தவர்கள் அவரை ஏகத்துக்குத் திட்டினார்கள். என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

மேலாளர் கெட்டவரில்லை. கத்தியது ஊர் பார்க்கக் கத்தியது. மறுநாள் லிஃப்ட்காரரைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"விசாரணைன்னு ஒண்ணு வைப்பாங்க. கால் விஷயத்துல உன்மேல தப்பு இல்ல, நானே சொல்லுவேன். ஆனா நீ உட்கார்ந்துட்டே. எல்லாரும் பாத்துட்டாங்க. நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு, தலை சுத்துச்சு, அதான் உட்கார்ந்தேன்னு. உடம்பு முடியலன்னா யாரு என்ன சொல்லப் போறா? மத்தத நான் பாத்துக்கறேன்."

"சரி சார்" என்றார் அவர். அந்த அறையில் அவர் வேறெதுவும் சொல்லிப் பழகியதில்லை.

மாலையில் மனைவியின் தம்பி அக்கரையிலிருந்து வந்தான். விஷயம் பாலத்தைத் தாண்டிப் போயிருந்தது. "அத்தான், இதுல யோசிக்க என்ன இருக்கு? தலை சுத்துச்சுன்னு சொல்லிட்டு வந்து சேருங்க. வீடு போச்சுன்னா அக்காவக் கூட்டிட்டு எங்க போவீங்க? என் வீட்டுக்குத்தான் வரணும். வாங்க, வேணாம்னு சொல்லல. ஆனா என் பொண்டாட்டியப் பத்தி உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்" என்றார் லிஃப்ட்காரர்.

"என்னங்க, நிஜமாவே தலை சுத்துச்சா?" என்று மனைவி கேட்டாள்.

"இல்ல."

"அப்புறம் எதுக்கு உட்கார்ந்தீங்க?"

அவர் யோசித்தார். "நின்னா தள்ளணும்" என்றார்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "இப்பவாவது சுத்தட்டும். நாளைக்குப் போய்ச் சொல்லுங்க" என்றாள். அவள் மகளுக்காக அழுது ஓய்ந்திருந்தாள். வீட்டையும் சேர்த்து இழக்க அவளுக்கு மனசில்லை. அதில் தவறு சொல்ல எதுவும் இல்லை. அலமாரி, டம்ளர்கள், தையல் மெஷின் வைக்க வெளிச்சமுள்ள ஒரு ஜன்னல் எல்லாம் அவள் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவை.

"சரி" என்று அவளிடமும் சொன்னார்.

விசாரணை அறையில் நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேலாளர் ஓரத்தில் இருந்தார். லிஃப்ட்காரர் நின்றார். நடுவிலிருந்தவர் கேள்விகளைக் கேட்டார். கால் இருந்ததா? இருந்தது. கதவை இழுத்தாயா? இல்லை. ஏன்? இழுக்கக் கூடாது என்பது விதி. மேலாளர் ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினார். எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

"மேலாளர் உத்தரவு போட்டபோது நீ உட்கார்ந்திருக்கே. தலை சுத்துச்சாமே?"

விடையைக் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். ஆமாம் என்று தலையசைத்தால் போதும், வாயைத் திறக்கக்கூட வேண்டாம். லிஃப்ட்காரர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் மேசையைப் பார்த்தார்.

"இல்லைங்க சார்" என்றார்.

"அப்போ?"

"உட்காரணும்னு தோணிச்சுங்க சார்."

"என்னது?"

"என் பொண்ணத் தள்ளச் சொன்னாங்க. தள்ள மனசு வரல. வரலன்னு வாயத் தொறந்து சொல்லப் பயம். அதான் உட்கார்ந்தேன். தலையெல்லாம் சுத்தல."

நடுவிலிருந்தவர் பக்கவாட்டில் சாய்ந்தார். "ஒரு பொய் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்" என்று பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார். அவர் சொன்னது லிஃப்ட்காரருக்கும் கேட்டது. லிஃப்டுக்குள் நின்றவருக்கு மற்றவர்கள் மெதுவாகப் பேசுவது எப்போதுமே கேட்கும்.

ஏன் பொய் சொல்லவில்லை என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். அவரிடம் பெரிய விளக்கம் இருக்கவில்லை. சொல்லத்தான் போனேன், வாயில் வரவில்லை என்பார். தலை சுற்றியது என்று சொன்னால் அன்று மகளைத் தள்ளாதவர் அவர் அல்ல, அவருடைய உடம்பு என்று ஆகிவிடும். அவர் வாழ்க்கையில் தானாகச் செய்தது அது ஒன்றுதான். அதைப் போய் விட்டுக்கொடுக்க மனம் ஒப்பவில்லை போலும்.

பணி நேரத்தில் உட்கார்ந்ததற்காக வேலையிலிருந்து நீக்கினார்கள். மகளைப் பற்றியோ காலைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. வார முடிவில் வீட்டைக் காலி செய்தார்கள். கைவண்டியில் சாமான் ஏறியது. தையல் மெஷினை மட்டும் மனைவி வேறு யாரையும் தொடவிடாமல் மடியில் வைத்துக்கொண்டு ஒரு ரிக்‌ஷாவில் பாலத்தைக் கடந்தாள். வழியெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரோடு பேசவில்லை. தம்பி வீட்டு வாசலில் இறங்கும்போது, "பிடிங்க இத. இதையாவது கீழ போடாம பிடிங்க" என்றாள். அது சமாதானம் என்று அவருக்குத் தெரியும்.

மகள் விடுதலையாகி நேரே ஜெனரேட்டர் அறைப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தது வேறொரு பெண். "பழைய லிஃப்ட்டா? அக்கரைக்குப் போயிட்டாங்களே" என்றாள் அவள், இயல்பாக. அங்கேதான் மகளுக்குத் தன் கணக்கு எங்கே தப்பியது என்பது தெரிந்தது. பாலத்தை நடந்தே கடந்தாள்.

மாமா வீட்டில் இருந்த ஒரே அறையை ஒரு துணித் திரையால் இரண்டாகத் தடுத்திருந்தார்கள். அப்பா திரைக்கு இந்தப் பக்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சூளையில் மீண்டும் சுமை தூக்கப் போய்க்கொண்டிருந்தார். தோளில் துணி சுற்றியிருந்தது. மகள் எதிரே உட்கார்ந்தாள். உள்ளே வரும்போதே அழக் கூடாது என்று தீர்மானித்து வந்திருந்தாள்.

"உங்கள ஒண்ணும் செய்ய மாட்டாங்கன்னு நெனச்சேம்பா."

"ம்."

"நீங்க எதையும் மீற மாட்டீங்கன்னு..."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார்.

திரைக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது. அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றார் அப்பா.

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?"

"வேணாம்னு சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல."

"வேணாம்னு சொன்னா வராம இருந்திருப்பியா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்லலாமா என்றும் ஒரு கணம் யோசித்தாள். "வந்திருப்பேன்."

"அப்போ கேட்டிருக்கலாம்."

"தப்புதாம்பா" என்றாள். தீர்மானமெல்லாம் போய் அழுதாள். அவர் தடுக்கவில்லை. அவள் செய்தது தப்புதான் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அவள் அங்கே வந்து நின்றது தப்பு என்றும் அவர் நினைக்கவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

"வக்கீலம்மாக்கு வழக்கு முடிஞ்சுதா?" என்று திரைக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "முடிஞ்சுதுன்னா முகத்தக் கழுவிட்டு வா. தம்பி பொண்டாட்டி வர்றதுக்குள்ள சாப்பிட்டு முடிக்கணும்."

மகள் எழுந்தாள். அப்பா கேட்டார்.

"அடுத்து எங்க?"

அவள் தயங்கினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "பூங்கா. திங்கட்கிழமை. முன் கேட்டு வழியா உள்ள போறோம்."

"வேணாம்" என்றார் அப்பா.

"சரிப்பா" என்றாள். திங்கட்கிழமை போனாள்.